நாலு திசைப் பட்டை

மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, மூன்றாம் குறுக்குத் தெரு பதினேழாம் எண் வீட்டின் பின்முற்றத்தில் நிற்கும் மல்பெரி மரத்தின் பட்டை, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், நான்கு விரல் அகலத்துக்கு, சுற்றளவு முழுவதும் உரித்து எடுக்கப்பட்டது.

உரித்தவர் தம்பி. தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தாறு. முன்நெற்றி பின்வாங்கத் தொடங்கி நாலு வருஷமாகிறது. அக்காவுக்குத் தம்பி என்பதால் தெருவுக்கே தம்பி.

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் டிரைவிங் ஸ்கூல். வீட்டுக்காரரும் பள்ளியை நடத்துபவரும் ஒருவரே. அவரை எல்லோரும் டிரைவிங் சார் என்பார்கள். மேல்தளத்தில் இரண்டு அறையும் ஒரு நீள வராந்தாவும். அங்கே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடுகள் தயாராகின்றன. வேர், தண்டு, இலை, பட்டை என்று செடியின் எந்தப் பாகத்தை எந்தப் பக்கமாக வெட்டிக் கேட்டாலும் பள்ளி, கல்லூரிகளுக்குப் பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள்.

மூன்று பேர் செய்யும் தொழில். தம்பி செடிகளைச் சேகரித்து வருவார். அழுகாமல் இருக்க மருந்துத் திரவத்தில் போட்டு, ஈரத்தை எடுத்து, உருக்கிய மெழுகில் ஊறவைத்துக் கட்டியாக்குவார். அக்கா அந்தக் கட்டியை மைக்ரோடோமில் பூட்டிச் சீவுவார். அது பார்வைக்குத் தையல் மிஷினின் தூரத்து உறவு மாதிரி இருக்கும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் தலைமுடியின் கனத்தில் எட்டில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு சீவல் விழும். அடுத்த சீவல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு விழும். இப்படி மெழுகு ரிப்பனாக நீளும். அதைக் கண்ணாடியில் படுக்கவைத்து மறுபடி தம்பி சாயம் ஏற்றுவார்: தண்ணீர் ஏறும் கட்டைக் குழாய்களுக்குச் சிவப்பு, உணவு இறங்கும் உள்பட்டைக்குப் பச்சை. கடைசியில் அக்காவின் கணவர் லேபிள் எழுதி ஒட்டுவார். அவருக்குப் பெயரே லேபிள்காரர். மூவரில் அச்சுப் போன்ற கையெழுத்து அவருக்கு. ஓயாத வாயும் அவருக்கே.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு கல்லூரிப் பேராசிரியையிடமிருந்து ஆர்டர் வந்தது. ஒரே மரத்தில், ஒரே உயரத்தில், நான்கு திசைகளிலிருந்தும் பட்டை வேண்டும். வெயில் படும் பக்கத்துப் பட்டைக்கும் படாத பக்கத்துப் பட்டைக்கும் வித்தியாசம் உண்டா என்று மாணவர்கள் பார்க்க வேண்டுமாம்.

"மச்சான், நாலு திசையும் வேணுமாம். ஒண்ணும் விட்டுடாத" என்றார் லேபிள்காரர். சொன்னது தப்பான ஆளிடம்.

ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடித் தகடுகள் வரும், நூறு கவர் ஸ்லிப் என்று அச்சடித்த பெட்டியைத் திறந்து நூறையும் எண்ணுகிறவர் தம்பி. ஒருமுறை தொண்ணூற்றொன்பதுதான் இருந்தது. அன்று முதல் அவரைக் கேலி செய்யும் உரிமையை வீட்டில் எல்லோரும் இழந்தார்கள். அவர் திசைகாட்டியோடு மரத்தடிக்குப் போனார். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு. சரி. வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவே வடகிழக்கு இருக்கிறதே? வடகிழக்குக்கும் கிழக்குக்கும் நடுவே? பேராசிரியை நாளைக்கே கேட்டால்? மசியால் பட்டை மேல் பதினாறு கோடு போட்டார். தளிர் விடும் காலம் என்பதால், கத்தி பட்டதும் பட்டை சட்டைபோல் கழன்று வந்தது. சுத்தமான ஆள், பூச்சி ஏறக்கூடாது என்று காயத்தை ஈரத்துணியால் சுற்றி, மேலே பாலித்தீனைக் கட்டிவிட்டு மாடியேறினார்.

மருந்து, ஈரம் எடுத்தல், மெழுகு என்று பன்னிரண்டு நாள் போனது. இருபத்தோராம் தேதி அக்கா சீவ உட்கார்ந்தார். பதினோராவது கட்டியில் கை நின்றது.

"டேய், இது எந்தப் பக்கம்?"

"தென்மேற்குக்கும் மேற்குக்கும் நடுவுல."

"மொத்தம் எத்தனை கட்டி?"

"பதினாறு."

"ஒவ்வொண்ணும் மரத்துல எவ்வளவு அகலம் இருந்துச்சு?"

"ரெண்டரை இன்ச்."

அக்கா மனதுக்குள் பெருக்கினார். "மரத்தோட சுத்தளவு எவ்வளவுடா?"

"நாப்பது இன்ச்" என்றார் தம்பி. குரலில் பெருமை இருந்தது. "ஒரு நூல்கூட வேஸ்ட் இல்லக்கா."

அக்கா கைப்பிடியைப் பூட்டினார். கத்தி மேல் மூடியைப் போட்டார். எந்த அவசரத்திலும் அதைச் செய்யாமல் எழ மாட்டார். பிறகு தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார்.

"பச்சைச் சாயம் யாருடா ஏத்தறது?"

"நான்தான்."

"எதுக்கு ஏத்துற?"

"உள்பட்டைக்கு. இலையில செஞ்ச சாப்பாடு அது வழியாத்தான் வேருக்கு…" தம்பி பாதியில் நிறுத்தினார். முகம் முதலில் சிவந்து, அப்புறம் வெளுத்தது.

"இருபது வருஷமா சாயம் ஏத்தறான்" என்று அக்கா யாருக்கோ சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "சாப்பாடு போற வழியை முழுசா உரிச்சு எடுத்துட்டு வந்து, எங்கிட்ட ஒரு நூல் வேஸ்ட் இல்லங்கறான்."

லேபிள்காரர் எழுந்து வந்தார். "அந்தப் பட்டையைத் திருப்பி ஒட்டிட முடியாதா?"

"மெழுகுல இருக்குங்க. பதினாறுல பத்து ஏற்கெனவே ரிப்பனா இருக்கு."

மரம் போனால் என்ன ஆகும் என்பதை மூவரும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சீவும் அறையின் ஜன்னல் மேற்கே பார்த்தது. மதியத்துக்கு மேல் அந்தச் சுவரில் வெயில் விழாமல் தடுப்பது அந்த ஒரு மரம். வெயில் விழுந்தால் மெழுகு குழையும். ரிப்பன் கத்தியிலேயே சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ஃபேன் போட முடியாது, ரிப்பன் பறந்துவிடும். இதற்கு முன் இருந்த வீட்டில் மரம் இல்லை. ஏசி போட்டுப் பார்த்தார்கள். சுவரின் சூடு ஏசியை ஜெயித்தது. பிற்பகல் வேலையே நடக்காமல் ஒரு வருஷம் அவதிப்பட்டு, இந்த மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே குடி வந்தார்கள். வீட்டை அப்புறம்தான் பார்த்தார்கள்.

மூவரும் கீழே இறங்கினார்கள். மரம் தளதளவென்று நின்றது. இலைகள் உள்ளங்கை அகலம். கிளையெல்லாம் பழம்.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் லேபிள்காரர்.

"இப்ப நல்லாத்தான் இருக்கும். தண்ணி கட்டை வழியா மேல ஏறிக்கிட்டே இருக்கு, அதை இவன் தொடல. வேர்தான் பட்டினி. வேர்ல சேத்து வெச்சிருக்கறது தீர்ற வரைக்கும் ஓடும். ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ரெண்டு. அப்புறம் வேர் சாகும். வேர் செத்தா தண்ணி ஏறாது."

அப்போது கையில் ஒரு கிண்ணத்தோடு டிரைவிங் சார் பின்கதவைத் திறந்து வந்தார். தொப்பைக்கு மேல் எப்போதும் தொங்கும் விசில், நடக்கும்போது இடமும் வலமும் ஆடியது.

"என்னம்மா, மூணு பேரும் மரத்தைச் சுத்தி நிக்கிறீங்க? இடுப்புல கட்டு வேற போட்டிருக்கு. விழுந்துடுச்சா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "சரி, இதை வாயில போடுங்க. எத்தனையோ வருஷமா புளிச்சுக்கிட்டுக் கிடந்த மரம். இன்னும் முழுசாக்கூடப் பழுக்கல, அதுக்குள்ள பாருங்க, சர்க்கரை! எல்லாம் போன மாசம் நான் போட்ட உரம்."

லேபிள்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். உண்மையிலேயே தேனாக இருந்தது. அவர் கண்கள் விரிந்தன. உடனே மனைவியைப் பார்த்துச் சுருங்கின.

"சார்" என்றார் தம்பி. "அது உரம் இல்ல சார். நான்தான்."

"நீ என்ன போட்ட?"

"போடல சார். எடுத்தேன்."

தம்பி கட்டைப் பிரித்துக் காட்டினார். வெளிர்மஞ்சள் கட்டை, மரத்தின் இடுப்பைச் சுற்றி, நான்கு விரல் அகலத்தில், ஈரமாக மினுங்கியது. டிரைவிங் சார் குனிந்து பார்த்தார். சுற்றி வந்தார். ஆரம்பித்த இடத்துக்கே வந்தபிறகும் பட்டை தென்படவில்லை என்பதால் இன்னொரு சுற்று வந்தார்.

"இதுக்கும் பழத்துக்கும் என்ன சம்பந்தம்?"

அக்கா சொன்னார்: "சார், மரத்துல ரெண்டு ரோடு. உள்ள கட்டையில இருக்கறது மேல போற ரோடு, தண்ணிக்கு. வெளிய பட்டையில இருக்கறது கீழ வர்ற ரோடு, இலையில சமைச்ச சர்க்கரைக்கு. இவன் கீழ வர்ற ரோட்டைப் பேத்துட்டான். வேருக்குப் போக வேண்டிய சரக்கெல்லாம் மேலயே தேங்கி நிக்குது. அதான் பழத்துல இனிக்குது."

டிரைவிங் சார் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அதிலிருந்து எடுத்து வாயருகே கொண்டுபோன ஒரு பழத்தைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தார்.

"இந்த மரத்தை நான் திட்டாத நாள் இல்ல" என்றார். "வெள்ளை வண்டி வாங்கினதுலேர்ந்து பானட் மேல ஊதாக் கறை. வெட்டிடலாம்னு ரெண்டு தடவை ஆளைக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு தடவையும் மரத்தடியில உக்காந்துதான் பேசினோம். நிழல் நல்லா இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன்." மேலே அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். "உங்களை நான் காலி பண்ணச் சொல்ல மாட்டேம்மா. மரம் போச்சுன்னா வெயிலே சொல்லிடும்."

 ஒரு பழம் பொத்தென்று வெள்ளை வண்டியின் மேல் விழுந்தது.

"ரோடு பேந்துடுச்சுன்னா பைபாஸ் போட மாட்டாங்களா?" என்றார் டிரைவிங் சார்.

அக்கா அவரைப் பார்த்தார். "போடுவாங்க" என்றார் மெதுவாக. "இதே மரத்துலேர்ந்து குச்சி வெட்டி, ஒரு முனையைக் காயத்துக்குக் கீழ பட்டைக்குள்ள சொருகி, இன்னொரு முனையைக் காயத்துக்கு மேல பட்டைக்குள்ள சொருகினா, குச்சியோட பட்டை வழியா இறங்கும். புக்ல படிச்சிருக்கேன்."

"செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல."

"செடி எதையாவது வளர்த்திருக்கீங்களா?"

லேபிள்காரர் முந்திக்கொண்டார். "மாடி வராந்தாவுல ரெண்டு தொட்டி இருக்கு சார். ஒண்ணுல மணி பிளான்ட் செத்துச்சு. இன்னொண்ணுல அதுக்குத் துணையா வெச்சது செத்துச்சு."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியும். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் தெரியாதது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, கண்ணுக்கு ஈரமாக மட்டுமே தெரியும் ஓர் அடுக்கு இருக்கிறது: கேம்பியம். மரம் பருப்பது அதனால்தான். அந்த செல்கள் உள்பக்கம் பிரிந்தால் கட்டை, வெளிப்பக்கம் பிரிந்தால் பட்டை. ஒட்டு பிடிப்பதும் அங்கேதான். குச்சியின் கேம்பியம் மரத்தின் கேம்பியத்தைத் தொட்டால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்; ஒரு மயிரிழை தள்ளிப் போனால் குச்சி காய்ந்துவிடும். அந்த மயிரிழையை அக்கா இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் பார்த்து வருகிறார். இந்த மரத்தின் இளங்குச்சிகளையே ஆயிரக்கணக்கில் சீவியிருக்கிறார். எந்தப் பருமனுள்ள குச்சியில் அது எத்தனை ஆழத்தில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே தொடங்கினார்கள். டிரைவிங் சார் அன்றைய வகுப்பு எல்லாவற்றையும் ரத்து செய்து, பலகையில் "மரம் ரிப்பேர்" என்று எழுதி வைத்தார். ஏணியைப் பிடித்தது அவர்தான். தம்பி மேலேறி, போன வருஷம் விட்ட பென்சில் பருமனுள்ள கொம்புகளாகப் பார்த்து வெட்டினார். ஒரு ஜாண் நீளத்தில் பதினாறு குச்சி. இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டிய கையோடு ஒவ்வொன்றிலும் மசியால் ஓர் அம்புக்குறி போட்டார்.

"அதுக்கு எதுக்குடா அம்பு? கல்யாண மண்டபத்துக்கு வழியா?" என்றார் லேபிள்காரர்.

"மரத்துல எது மேல் பக்கமா இருந்துச்சோ அது இங்கயும் மேல இருக்கணும் மாமா. தலைகீழா வெச்சா ஒட்டினாலும் தேறாது."

"குச்சிக்குத் தலை எது கால் எதுன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றார் அக்கா. "உங்களுக்குத்தான் ஸ்லைடுல லேபிளைத் தலைகீழா ஒட்டினாக்கூடத் தெரியாது."

"ஒன்வே" என்றார் டிரைவிங் சார், ஏணியின் கீழிருந்து. அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

அக்கா புதிய மைக்ரோடோம் கத்தியைக் கையில் எடுத்தார். முதல் குச்சியின் இரண்டு முனையையும் ஆப்புபோல் சரித்துச் சீவ வேண்டும். கத்தியை வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார்.

லேபிள்காரர் அதைக் கவனித்தார். கேலி செய்யவில்லை. "என்னம்மா?"

"ஒண்ணுமில்லங்க. இதுவரைக்கும் நான் வெட்டினதெல்லாம் ஏற்கெனவே செத்தது."

"அப்ப முதல் குச்சியை ஸ்லைடுக்குன்னு நெனச்சு வெட்டு. சொருகறதை அப்புறம் யோசிக்கலாம்."

அக்கா அப்படியே வெட்டினார். சரிவு கண்ணாடிபோல் விழுந்தது. அதன்பின் கை நிற்கவில்லை. காயத்தின் கீழ் விளிம்பில் பட்டையை நெடுக்காகக் கீறி, நாக்குப்போல் நெம்பி, குச்சியின் கீழ் ஆப்பை உள்ளே செலுத்தினார். மேல் விளிம்பிலும் அப்படியே. காற்றில் மரம் ஆடினால் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, குச்சியைச் சற்று வில்லாக வளைய விட்டார். லேபிள்காரர் படச் சட்டத்துக்கு அடிக்கும் சின்ன ஆணியால் இரண்டு முனையையும் இறுக்கினார். தம்பி மெழுகை உருக்கி, முதலில் தன் மணிக்கட்டில் தடவிச் சூடு பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் தூரிகையால் பூசினார். குச்சிகளுக்கு நடுவே தெரிந்த கட்டையை ஈரத்துணியால் மூடினார். மதியம் ஒன்றரை மணிக்குப் பதினாறு குச்சியும் ஏறிவிட்டன. லேபிள்காரர் ஒவ்வொன்றின் கீழும் லேபிள் ஒட்டினார்: வடக்கு, வடவடகிழக்கு, வடகிழக்கு என்று கடைசி வரை.

"மரத்துக்குப் பெல்ட் போட்ட மாதிரி இருக்கு" என்றார் டிரைவிங் சார். "சீட் பெல்ட்." பிறகு சிவப்புப் பிளாஸ்டிக் கூம்புகளைக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றி வைத்தார்.

அன்று முதல் காத்திருப்பு. இவர்கள் மூவருக்கும் பழக்கமில்லாத வேலை அது. ஒன்றுக்கு உயிர் இருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்ப்பது. வெட்டாமல் எப்படிப் பார்ப்பது?

தம்பி ஒரு நோட்டுப் போட்டார். கண்ணாடித் தகடுகளின் கனம் பார்க்கும் திருகு அளவியால் தினமும் காலையில் பதினாறு குச்சியையும் அளந்து எழுதினார். வடக்கு, எட்டு மில்லிமீட்டர். வடக்கு, எட்டு. வடக்கு, எட்டு. மூன்று வாரம் எட்டுதான். குச்சிகளில் மொட்டு விட்டது. லேபிள்காரர் சந்தோஷப்பட்டார். "குச்சிக்குள்ளயே மிச்சம் இருந்த சத்துல விட்டிருக்கும், நம்பாதீங்க" என்று அக்கா மொட்டைக் கிள்ளிப் போட்டார். நான்காம் வாரம் தெற்குப் பக்கத்தில் நான்கு குச்சிகள் சுருங்கிக் காய்ந்தன. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்தெட்டாம் நாள் தம்பி மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார்.

"எட்டு புள்ளி மூணு!"

"உன் கை நடுக்கம்" என்றார் அக்கா.

"மூணு தடவை அளந்தேன்."

"அப்ப மூணு தடவையும் நடுங்கியிருக்கு." ஆனாலும் இறங்கிப் போய்த் தானும் அளந்தார். எட்டு புள்ளி மூன்றுதான். அதற்கு மேல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "டேய், ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்து வெட்டிப் பாத்துடறேன்டா. பன்னெண்டு இருக்குல்ல? ஒண்ணு போனா என்ன?"

தம்பி கூம்புகளுக்கு நடுவே போய் மரத்தை மறைத்துக்கொண்டு நின்றார். "கை வெச்சுப் பாரு."

"மரத்தைச் சுத்திப் பட்டையை உரிச்சவன் பேசறான் பாரு!"

"அதனாலதான் பேசறேன்."

"ஒட்டியிருக்கா இல்லையான்னு தெரியாம எப்படிடா தூங்கறது?"

"அளந்துட்டுத் தூங்கு."

மே மாதம் நான்காம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. பின்முற்றத்தில் டிரைவிங் ஸ்கூலின் ரிவர்ஸ் வகுப்பு. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கண் டாக்டரம்மா. மூன்று மாதமாக வருகிறார். முன்னால் போவது ஓரளவு வந்துவிட்டது.

"லெஃப்ட்டு ஒடிங்க டாக்டர். லெஃப்ட்டு. அது ரைட்டு. கண்ணாடியைப் பாருங்க. கண்ணாடியைப் பாத்து உங்க பொட்டைச் சரி பண்ணாதீங்க, பின்னால பாருங்க… பிரேக்! பிரேக்!"

விசில் ஒலித்தது. ஒரு கூம்பு வண்டிக்கு அடியில் போய் நசுங்கியது. அதன்பின் 'படக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாடியில் மூன்று நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்பட்டன.

வண்டியின் பம்பர் மரத்தைத் தொடவில்லை. வில்லாக வெளியே வளைந்திருந்த கிழக்குக் குச்சியை மட்டும் நடுவில் சரியாக முறித்திருந்தது. டாக்டரம்மா இறங்கி வந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மரத்தின் கதை அவருக்குத் தெரியும். பலகையில் "மரம் ரிப்பேர்" எழுதியிருந்த அன்று வந்து திரும்பிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

"ஐயோ, மன்னிச்சுடுங்க. நான் வேணும்னு…"

"கண் டாக்டர் கண்ணுக்கே இவ்வளவு பெரிய மரம் தெரியலைன்னா" என்று டிரைவிங் சார் ஆரம்பித்தார்.

தம்பி முறிந்த குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்தார். கேட்கவில்லை. தம்பியே சொன்னார்: "எடுத்துக்கோ."

அக்கா உளியை எடுத்து வந்து, முறிந்த குச்சியின் கீழ் மூட்டைச் சுற்றியிருந்த பட்டையோடும் கட்டைச் செதிலோடும் பெயர்த்தெடுத்தார். தம்பி அந்தப் பள்ளத்தில் உடனே மெழுகு பூசினார். இந்த முறை மருந்து, மெழுகுக் கட்டி, பன்னிரண்டு நாள் எதற்கும் பொறுமையில்லை. பச்சையாகவே கத்தியால் கையில் வைத்துச் சீவினார் அக்கா. தண்ணீர்க் கிண்ணத்தில் மிதந்த சீவல்களில் மெல்லியதைத் தம்பி தூரிகையால் ஏந்திச் சாயம் ஏற்றினார். சிவப்பு, கழுவல், பச்சை, கழுவல். லேபிள்காரர் கழுவும் தண்ணீரை மாற்றிக் கொடுத்தார். டாக்டரம்மாவும் டிரைவிங் சாரும் மாடிப்படி ஏறி வந்து அறை வாசலில் நின்றார்கள்.

அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குமிழைத் திருகினார். நீண்ட நேரம் எழவில்லை.

ஒரு பக்கம் மரத்தின் கட்டை, சிவப்பு. இன்னொரு பக்கம் குச்சியின் கட்டை, சிவப்பு. நடுவே ஒழுங்கில்லாத, பெரிய பெரிய, வெளிறிய செல்கள். காயத்தை அடைக்க இரண்டு பக்கமும் அவசரமாகப் பெருக்கிப் போட்ட நிரப்பு. அந்தக் குவியலின் ஊடே, வளைந்து நெளிந்து, இங்கிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தது கேம்பியம். அதன் ஓரமாகக் குச்சியிலிருந்து மரத்துக்குள் இறங்கியது பச்சை இழை ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினால் ஏழு.

"டாக்டர், நீங்க பாருங்க" என்று எழுந்து இடம் விட்டார் அக்கா.

டாக்டரம்மா பார்த்தார். தழும்புத் திசுவை அவர் படிக்கிற காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறார். "ஒட்டிடுச்சு" என்றார். "கண்ணுல ஒட்டுப் போட்டா நாங்களும் இப்படித்தான் வேண்டிக்கிட்டுப் பாப்போம். இது நல்லா ஒட்டியிருக்கு."

டிரைவிங் சார் அடுத்துக் குனிந்தார். "ஒண்ணும் தெரியலையே. ஒரே இருட்டு."

"சார், மூடியிருக்கற கண்ணை வெச்சுப் பாக்கறீங்க. திறந்த கண்ணை வெச்சுப் பாருங்க" என்றார் லேபிள்காரர்.

கண்ணை மாற்றினார். பச்சை இழையைத் தம்பி ஊசி முனையால் காட்டினார். டிரைவிங் சார் சற்று நேரம் மூச்சு விடாமல் பார்த்தார். "கீழ வர்ற ரோடு?"

"கீழ வர்ற ரோடு சார்."

"இவ்வளவு சின்னதா?"

"இப்பதானே போட்டிருக்கு சார். அகலமாகும்."

டிரைவிங் சார் நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தார். "டாக்டர், இன்னிக்கு நீங்க எடுத்த ரிவர்ஸ் மாதிரி இந்த ஸ்கூல்ல யாரும் எடுத்ததில்ல. ஆனா அடுத்த கிளாஸ் தெருவுலதான்."

டாக்டரம்மா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். லேபிள்காரர் மேசைக்குப் போய் அந்த ஸ்லைடுக்கு லேபிள் எழுதினார்: 'மல்பெரி, ஒட்டு மூட்டு, கிழக்கு, நாற்பத்து மூன்றாம் நாள்.' கீழே சிறிய எழுத்தில், 'முறித்தவர்: கண் டாக்டர்.' அக்கா அந்தக் கடைசி வரியை அடிக்கச் சொன்னார். டாக்டரம்மா வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

பேராசிரியைக்கான நான்கு திசைப் பட்டை ஸ்லைடுகள் மே பத்தாம் தேதி அனுப்பப்பட்டன. அவர் நான்கு திசையைத்தான் எடுத்துக்கொண்டார். மீதிப் பன்னிரண்டு திசைகளும் ஒரு பெட்டியில் மாடியில் இருக்கின்றன. கோடையில் மதியத்துக்கு மேலும் ரிப்பன் நேராகவே விழுந்தது. டாக்டரம்மா ஆகஸ்டில், மூன்றாவது முயற்சியில், லைசென்ஸ் வாங்கினார்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குத் தம்பி அளந்தார். பதினோரு குச்சிகள் இருந்தன. மிகப் பருமனானது வடமேற்கு, பத்தொன்பது மில்லிமீட்டர். டிரைவிங் சார் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டு, பழையபடி புளிக்கிறது என்றார். தம்பி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.